லாரிக் கயிற்றைப் பிடித்த கை

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்று உனக்கு வருத்தம். அப்பாவிடம் போனில் கேட்டிருக்கிறாய், "அம்மாவுக்கு இன்னா ஆச்சு, கல்யாண வேலை ஜாஸ்தியா" என்று. கல்யாண வேலை ஒன்றும் ஜாஸ்தி இல்லை. பத்திரிகை வந்துவிட்டது, மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, உன் மாமனார் வீட்டார் தங்கமானவர்கள். எனக்கு வந்திருப்பது களைப்பு இல்லை, கோபம். உன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகக் கோபம். போனில் சொன்னால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படி.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் நீ லேப்டாப்பைத் திறந்து என்னைக் கூப்பிட்டாய். சென்னையில் உங்கள் ஆபீஸ்களுக்குள் நடக்கும் கிரிக்கெட் போட்டியில் எதிர் டீம் பையன் ஒருத்தன் வேறு ஒருவன் பெயரில், அவன் ஐ.டி. கார்டைக் காட்டி விளையாடியிருக்கிறான். அதை நீதான் கண்டுபிடித்தாயாம். கண்டுபிடித்ததும் அவன் போட்டோவையும் பெயரையும் கம்பெனியையும் இன்டர்நெட்டில் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் "ஃப்ராடு" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினாய். படிக்கப் படிக்கச் சிரித்தாய். நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். இங்கிலீஷில் இருந்ததால் எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாய். நல்லாவே புரிந்தது. இதே ஹாலில், இதே சோபாவில் உட்கார்ந்து, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நீ இன்னொரு படம் காட்டினாய். அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அதை நீ மறந்துவிட்டாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. என் ஆத்திரத்துக்குக் காரணம் அந்த மறதிதான்.

இந்தக் கடிதம் உனக்குத் தபாலில் வரும். இன்னொரு நகலை நம் திருச்சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். பயப்படாதே, உன் பெயர் இதில் இல்லை, என் பெயரும் இல்லை. அந்தப் பழைய படத்தில் இருந்தவள் பெயரை ஜெயமணி என்று மாற்றியிருக்கிறேன். ஊர் முழுக்க உன்னைக் காட்டிக்கொடுப்பதற்காக இதைச் செய்யவில்லை. அப்படிச் செய்தால் நீ செய்ததையே நானும் செய்ததாகிவிடும். என்னை மாதிரி பிள்ளை காட்டிய படத்தைப் பார்த்துச் சிரித்த அம்மாக்கள் இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான்.

அது மகளிர் தினத்துக்காக நடந்த சைக்கிள் போட்டி. ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களுக்கு மட்டும். ஆம்பூரில் கிளம்பி மாதனூர் வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டும். ஊர் விளையாட்டு கிளப்பும் எங்கள் மாதிரி நாலைந்து கம்பெனிகளின் வெல்ஃபேர் கமிட்டியும் சேர்ந்து நடத்தினோம். கமிட்டியில் நானும் இருந்தேன். நீ அப்போது காலேஜ் கடைசி வருஷம். கேமரா வைத்த புது செல்போன் வாங்கியிருந்தாய். "வாலண்டியரா வர்றேன்மா, பைக்ல கூடவே போய்ட்டு போட்டோ எடுத்துத் தர்றேன்" என்றாய். நானே உனக்கு பேட்ஜ் குத்தி அனுப்பினேன்.

ஜெயமணி நான் சூப்பர்வைசராக இருக்கிற லைனில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தவள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்திலிருந்து பதினோரு வருஷமாக சைக்கிளில் வந்து போனாள். மழை பெய்தாலும் அவள் வருகைக் கார்டில் லேட் விழுந்ததில்லை. புருஷனுக்குத் தோல் பதனிடும் டேனரியில், தோல் ஊறும் டிரம்மில் வேலை. ஒரே பெண், ப்ளஸ் ஒன் படித்தாள். போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்தபோது, "தினமும் ஓட்டறதுதானே மேடம், அன்னைக்காவது யாராவது கை தட்டட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, அதே பழைய சைக்கிளில்தான் ஓட்டினாள். மாதனூரிலேயே அவளுக்கு செயின் கழன்றுவிட்டது. மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் பாதிப் பேர் தாண்டிப் போய்விட்டார்கள். திரும்பி வரும் வழியில் பாலத்து மேடு. பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று அந்த மேட்டில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் கட்டுக்கயிறு ஒன்று தொங்கியது. அவள் அதை இடது கையால் பிடித்துக்கொண்டு மேடு ஏறினாள். நீ பின்னாலிருந்து அதைப் படம் எடுத்தாய். அவள் மூன்றாவதாக வந்தாள். மேடையில் பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அவள் செய்தது தப்பு. அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதை மறைக்க நான் இதை எழுதவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் நீ எனக்கு அந்தப் படத்தைக் காட்டினாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "இவளா? நியாயம் பேசறவளாச்சே" என்றேன். அதற்குக் காரணம் உனக்குத் தெரியாது. அதற்கு ஒரு மாசத்துக்கு முன்னால் அவள் லைனில் பீஸ்கள் ரிஜெக்ட் ஆயின. நான் தையல் தப்பு என்று எழுதிவிட்டேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, எல்லார் முன்னாலும், "தையல் தப்பில்ல மேடம், கட்டிங்லயே தோல் கம்மியா வந்திருக்கு, அளந்து பாருங்க" என்றாள். மேனேஜர் அளந்து பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. இருபது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவளுக்கு எத்தனை அவமானம் என்று அப்போது நினைத்தேன். அந்த அவமானத்தை உள்ளே வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீ படத்தை நீட்டினாய். "கம்யூனிட்டில போடட்டாமா?" என்று கேட்டாய். இன்டர்நெட்டில் நம் ஊர் பெயரில் ஒரு கம்யூனிட்டி இருந்ததே, அதில். "போடு. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றேன். நீ பிரவுசிங் சென்டருக்குப் போனாய். நான் சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்குப் போனேன்.

இனி சொல்லப்போவதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அப்பாவிடமும் சொன்னதில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலையில், பெல் அடிப்பதற்கு முன்னாலேயே ஜெயமணி என் மேஜைக்கு வந்தாள். கையில் குக்கர், பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை.

"மேடம், இத நாலாவதா வந்த பொண்ணுக்குக் குடுத்துடுங்க."

"ஏன்?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"பாலத்து மேட்ல லாரிக் கயிறு ஒண்ணு தொங்கினு இருந்துச்சு மேடம். புடிச்சிக்கினேன். இன்னா நெனச்சேன்னு எனக்கே தெரியல. எம்பொண்ணு முடியற எடத்துல நின்னு பாத்துக்கினு இருப்பாளே, கடைசியா போய் நிக்கணுமேன்னு இருந்துச்சு. நேத்துலருந்து சோறு எறங்கல. அவகிட்ட சொல்லிட்டேன். கமிட்டில சொல்லணும்னாலும் வந்து சொல்றேன். மைக்ல சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

"சரி, நான் பாத்துக்கறேன். நீ போ" என்றேன். பெட்டியை மேஜைக்கு அடியில் காலால் தள்ளி வைத்தேன்.

மேஜைமேல் போன் இருந்தது. உன்னைக் கூப்பிட்டு, "அவளே வந்து சொல்லிட்டா, அந்தப் படத்த எடுத்துடு" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அப்போது அதைப் பத்து பேர் பார்த்திருந்தால் அதிகம். நான் கூப்பிடவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடி, மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். நான் மறக்கவில்லை. அந்தப் படம் இன்னும் ரெண்டு நாள் அங்கேயே இருக்கட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. உன்னைப் பெற்றவள், ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள், இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை நீ சந்தோஷமாக வந்து, "செம ரெஸ்பான்ஸ்மா" என்றாய். முதல் நாள் எழுதியவர்கள் எல்லாரும் போட்டியைப் பற்றித்தான் எழுதினார்கள். ஏமாற்றுக்காரி, பரிசைப் பிடுங்கு, அடுத்த வருஷம் சேர்க்காதே என்று. அதோடு நின்றிருந்தால்கூட சரி. ரெண்டாவது நாள் எவனோ ஒருத்தன் லாரிக்காரனைப் பற்றி ஒரு வரி எழுதினான். அதற்குப் பிறகு போட்டியைப் பற்றி யாருமே பேசவில்லை. படம் பின்னாலிருந்து எடுத்தது. முப்பத்தெட்டு வயதுப் பொம்பளை, மகளுடைய சுடிதார். என்னென்ன எழுதினார்கள் என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்குத் தெரியும், நீ படித்தாய். அவளுக்கு "லாரி ராணி" என்று பெயர் வைத்தார்கள். எந்தக் கம்பெனி, எந்த லைன், எந்த ஊர் என்று ஒருத்தன் விடாமல் விசாரித்துப் போட்டான். அவர்களில் பாதிப் பேர் துபாயிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள். அவளைப் பார்த்ததே கிடையாது. வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை யாரோ பிரிண்ட் எடுத்து எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். அவள் மகள் படித்த பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டிலும் ஒட்டியிருந்தது. அங்கே ஒட்டியவன் கம்ப்யூட்டரில் விளையாட்டாக எழுதியவன் இல்லை. பசை வாங்கி, பஸ் ஏறிப் போய், வெயிலில் நின்று ஒட்டியிருக்கிறான்.

கம்பெனி கேட்டில் அவள் சைக்கிளோடு நுழைந்தால் ஆண்கள் ஹாரன் மாதிரி வாயால் சத்தம் கொடுத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் அவள் சைக்கிள் கேரியரில் ஒரு கயிற்றைக் கட்டி வைத்துவிட்டார்கள். அவள் அதை அவிழ்த்து, அழகாகச் சுற்றி, தையல் ஹாலுக்குள் எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போய் மிஷினில் உட்கார்ந்து அன்றைய பீஸ்களை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அன்றைக்கு அவள் தைத்ததில் ஒரு ரிஜெக்ட் கிடையாது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

டேனரியில் அவள் புருஷனுக்கும் எவனோ பிரிண்டைக் காட்டியிருக்கிறான். அவனுக்கு சைக்கிள் போட்டியைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டுக்கு வந்து, "எவன் அந்த லாரிக்காரன்?" என்று கேட்டிருக்கிறான். அந்த லாரி எந்த ஊர் லாரி என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் சைக்கிளைக் கீழே தள்ளி, கல்லை எடுத்து ரெண்டு சக்கரத்தையும் போட்டு நசுக்கினான். அதற்குப் பிறகு அவள் ஷேர் ஆட்டோவில் வந்தாள். ஷேர் ஆட்டோவிலும் அதே பேச்சு. மகள் ரெண்டு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் பரீட்சையைக் கோட்டை விட்டாள். அடுத்த மாசம் ஜெயமணி வேலையை விட்டாள். ராஜினாமா பாரத்தில் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தாள். நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நடுவில் எனக்குப் பயம் வந்து, "அந்தப் படத்த எடுத்துடுடா" என்று உன்னிடம் சொன்னேன். "நான் எடுத்துட்டேன்மா, மத்தவங்க காப்பி பண்ணிப் போட்டுட்டாங்க, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றாய். "அவ குக்கரத் திருப்பிக் குடுத்துட்டா, அதையாவது எழுது" என்றேன். என்றைக்குக் கொடுத்தாள் என்று சொல்லவில்லை. நீ எழுதினாய். ரெண்டே ரெண்டு பேர் அதற்கு பதில் போட்டார்கள், அதுவும் கிண்டல். அவளை அசிங்கப்படுத்த ஊரே வந்தது, அவள் ஒத்துக்கொண்டதைப் படிக்க ஒருத்தரும் வரவில்லை. அன்றைக்கு நீ என்னிடம், "உண்மையத்தானேமா போட்டேன். அவங்க ஏமாத்தலியா?" என்று கேட்டாய். ரெண்டு வருஷமாக நான் அந்தக் கேள்விக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஏமாற்றினாள்தான். அதற்கு என்ன தண்டனை? கிளப்பின் விதிப்படி பரிசைத் திரும்ப வாங்க வேண்டும், அடுத்த வருஷம் சேர்க்கக்கூடாது. அவ்வளவுதான். ஊரில் நாலு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிய சைக்கிள் போட்டிக்கு அதற்குமேல் தண்டனை கிடையாது. மிச்சத்தையெல்லாம் யார் கொடுத்தது? அவள் சைக்கிளையும் வேலையையும் பிடுங்கச் சொல்லி எந்தக் கமிட்டி தீர்மானம் போட்டது? அந்தப் பெண் பிள்ளையின் பரீட்சைக்கும் லாரிக் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? நீ ஒரு படம் போட்டாய். ஒருத்தன் ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனான். இன்னொருத்தன் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். யாருக்கும் தான் அடித்ததாகவே தெரியவில்லை. வாங்கியவள் ஒருத்தி, அவளுக்கு எல்லாம் சேர்ந்து விழுந்தது. தெருவில் ஒரு பொம்பளையை நிற்க வைத்து முன்னூறு பேர் ஆளுக்கு ஒரு கல் போட்டால் நீ போய்த் தடுப்பாய் என்றுதான் நான் உன்னை வளர்த்ததாக நினைத்திருந்தேன். கீபோர்டில் என்றால் உனக்குக் கண் தெரியவில்லை.

நீ நாலாவது படிக்கும்போது ஞாயிறு பள்ளி விளையாட்டு விழாவில் லெமன் ஸ்பூன் ஓட்டத்தில் ஓடினாய். அது உனக்கு ஞாபகம் இருக்காது. வாயிலிருந்த பபுள்கம்மை ஸ்பூனில் ஒட்டி, அதன்மேல் எலுமிச்சம்பழத்தை அழுத்தி வைத்துக்கொண்டு ஓடி முதலாவதாக வந்தாய். ஸ்பூனைத் திரும்ப வாங்கிய டீச்சர் அதைப் பார்த்தாள். அவள் விசில் ஊதவில்லை. உன்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போய், உன்னையே ஸ்பூனைக் கழுவச் சொல்லி, "பரிசு ரெண்டாவது வந்தவனுக்குப் போகட்டும். நீ அடுத்த வருஷம் ஓடு" என்றாள். மேடையில் வேறு பெயரைப் படித்தார்கள். எல்லாரும் எண்ணிக்கையில் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த டீச்சர் என்னிடம் மட்டும் வந்து சொன்னாள். வீட்டில் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். நீ அடுத்த வருஷமும் ஓடினாய், கீழே போட்டாய், அழுதாய், அதற்கடுத்த வருஷமும் ஓடினாய். அந்த டீச்சர் கையில் உன் செல்போன் இருந்திருந்தால், உன்னை மாதிரி மனசும் இருந்திருந்தால், பள்ளிக்கூடம் முடிகிற வரை உன் பெயர் பபுள்கம் என்றே இருந்திருக்கும். இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிற வீட்டில்கூட எவனாவது அதைச் சொல்லிச் சிரித்திருப்பான். உனக்கு மறக்க முடிந்தது. ஜெயமணியை மறக்க விட்டீர்களா?

போன வருஷம் நான் அவளைத் தேடிப் போனேன். வேலூருக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக உங்களிடம் சொன்னேனே, அன்றைக்குத்தான். ஆற்காட்டில் பஸ் மாறி கலவை என்கிற ஊருக்குப் போனேன். அங்கே அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூமில் மகளோடு இருந்தாள். புருஷன் அவளோடு இல்லை. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கடையில் வேலை. கடைக்குள்ளேயே ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "நல்லா இருக்கீங்களா மேடம்" என்று வழக்கம்போலத்தான் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். படம் எடுத்தது என் பையன், போடச் சொன்னது நான், குக்கர் பெட்டியை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது நான் என்று. அவள் மிஷினை நிறுத்திவிட்டு, தைத்துக்கொண்டிருந்த காக்கித் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மன்னிச்சுடு என்றேன்.

"அந்தப் படம் இன்னும் இருக்குதா மேடம்?" என்றாள்.

"எங்கயோ இருக்கு. முழுசா எடுக்க முடியலன்னு சொல்றான்."

"அப்ப மன்னிச்சு இன்னா பண்றது? எம்பொண்ணுக்கு மாப்ள பாக்க வர்றவன் எவனாவது தேடிப் பாப்பான் இல்ல?"

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கயிறு புடிச்சது தப்பு மேடம். அத நான் மறுநாளே வந்து சொல்லிட்டேன். நீங்க உங்க தப்ப யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"உன்கிட்டதான் சொல்றேன்" என்றேன்.

"எங்கிட்ட சொன்னா இன்னா? எனக்கு நடந்தது எனக்குத் தெரியாதா? என்னப் பாத்து சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. எம்பேரப் போடாம சொல்லுங்க." சொல்லிவிட்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் எழுந்து வந்தேன். போய் வருகிறேன் என்று சொன்னதுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் கேட்டது அது ஒன்றுதான். ஒரு வருஷம் ஆகியும் நான் எழுதவில்லை. உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த நேரத்தில் எதற்கு என்று தள்ளிப் போட்டேன். அவள் மகளுடைய கல்யாணத்தைக் கெடுத்து வைத்துவிட்டு, என் மகனுடைய கல்யாணம் கெடாமல் இருக்கப் பார்த்தேன். கல்யாணம் முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீ இன்னொருத்தனைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகு நீ படுத்திருந்தபோது நான் உன் லேப்டாப்பை மறுபடி பார்த்தேன். நீ போட்டதற்குக் கீழே எவனோ அந்தப் பையனுடைய செல் நம்பரைப் போட்டிருந்தான். நீ அதை எடுக்கவில்லை. நான் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். முதலில் எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்றாலே திட்டத்தான் கூப்பிடுகிறார்களாம். மூன்றாவது தடவை எடுத்தான். தம்பி, திட்டக் கூப்பிடலப்பா, கொஞ்சம் பேசணும் என்றேன்.

"டீம்ல ஒருத்தருக்கு ஜுரம்மா. பதினோரு பேர் இல்லன்னா மேட்ச் போய்டும்னு அவரு கார்ட எடுத்துக்கினு போய் ஆடிட்டேன். தப்புதான். கேட்டப்பவே ஒத்துக்கினேன். டீமையே வெளிய அனுப்பிட்டாங்க, அதுவும் சரிதான்" என்றான். நீ சொன்ன கதையில் அவன் ஒத்துக்கொண்டது இல்லை. "இப்ப இன்னா கஷ்டம்னா, எங்க அப்பா ஊர்ல வாத்தியாரும்மா. அவர்ட்ட படிச்ச பசங்களே அத அவருக்கு மெயில்ல அனுப்பிட்டாங்க. பையன் ஃப்ராடுன்னு. அப்பா என் போன எடுக்க மாட்டேங்கறாரு. நாலு நாளா நானும் ஆபீஸ் போகல."

"நீங்க யாரும்மா?" என்று கடைசியில்தான் கேட்டான்.

"அதப் போட்டவனோட அம்மா."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவருக்குக் கல்யாணம்னு அவரு இன்டர்நெட் பக்கத்துல போட்டிருந்தாரு, பாத்தேன்" என்றான். "நல்லபடியா நடக்கட்டும்மா. அத மட்டும் எடுத்துடச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

நான் சொல்வதை இப்போது கேள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அந்தப் பையன் படத்தை இன்டர்நெட்டிலிருந்து எடு. அதைக் காப்பி பண்ணிப் போட்டவர்கள் யார் யார் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொருத்தருக்கும் எழுதி எடுக்கச் சொல். எடுக்க முடியாது என்பவனிடம் கெஞ்சு. ஜெயமணி விஷயத்தில் நீ கெஞ்சவே இல்லை, "நான் இன்னா பண்றது" என்று கையை உதறிவிட்டாய். நானும் விட்டுவிட்டேன். இந்தத் தடவை விடப்போவதில்லை. அந்தப் பையனுடைய அப்பாவுக்கு நீயே போன் செய். உங்கள் பையன் செய்தது ஒரு மேட்சில் ஒரு தப்பு, நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு என்று உன் வாயால் சொல். அவர் உன் போனையும் எடுக்கவில்லை என்றால் எடுக்கும்வரை செய்.

சனிக்கிழமை மத்தியானம் நீ அந்தப் பையன் ரூமுக்கு வருவாய் என்று நானே அவனிடம் மறுபடி கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். வேண்டாம்மா என்றான். வருவான் என்றேன். வெறுங்கையோடு போ. இனிப்பு, பழம், கல்யாணப் பத்திரிகை எதுவும் எடுத்துக்கொண்டு போகாதே. அவன் கதவைத் திறந்தால் உள்ளே போ. திறக்கவில்லை என்றால் வெளியே நில். விலாசத்தை நான் இங்கே எழுதவில்லை. அதையும் உன் இன்டர்நெட் பக்கத்திலேயே யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள்.

அம்மா